குழி வாசலில் நிற்காதே

ஸ்கெலட்டன் லைன்,
மார்ச் 9, திங்கள்

மஞ்சுநாத்துக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை நீ பக்கத்து வீட்டு ஷைலா போனுக்குப் பேசினாயாம். சாப்பாட்டுக்கு வந்தவள் எச்சில் கையோடு ஓடி வந்தாள். “ஜெயம்மா ஆண்ட்டி, ஒங்க மகன் லைன்ல கீறாரு, பேசுங்க” என்று போனை நீட்டினாள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். உன் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று உன் பெண்டாட்டி மமதா முன்னால் சொன்னவள் நான். சொன்னால் சொன்னதுதான்.

“பேச மாட்டீங்க, சரி. எழுதிக் குடுங்க. கடையில போட்டோ புடிச்சி அனுப்பறேன். எழுதறது பேசறதாவாது” என்றாள் ஷைலா. ஆண்டர்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், அவளுக்கு எல்லாமே காகிதம்தான். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. நாலாங்கிளாஸ் கை. எழுத்து கோணினால் உன் படித்த கண் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெங்களூர் ரயிலுக்குப் போகிறேன் என்று புளிசோறு கட்டி வாங்கிக்கொண்டு போனாய். சாயங்காலம் மமதா கையில் காலி டப்பா வந்தது. “அத்தே, அவரு ஏரோப்ளேன் ஏறிட்டாரு” என்றாள். அவளுக்கு முன்னாலேயே தெரியும். பேத்தி இந்துவுக்கும் தெரியும். அடுப்பில் நின்று புளி கரைத்தவளுக்கு மட்டும் தெரியாது. இதை நான் மறப்பேன் என்று நினைக்காதே.

உன் முப்பாட்டன் ஆற்காட்டிலிருந்து இந்தத் தங்கவயலுக்கு வந்து ஒரு துரைக்குப் பொன் தோண்டினான். துரை போனான், பொன்னும் போனது, நமக்கு மிஞ்சியது பொன்னை எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேடு. இப்போது நீ இன்னொரு துரையின் பட்டாளத்துக்கு ஐஸ் பெட்டி ரிப்பேர் செய்யப் போயிருக்கிறாய். டிவியில் காட்டுகிறான், உன் துரையும் எதிர்த்துரையும் கப்பலைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் கடலில் இல்லை, அடுத்தவன் கடலில். அடி விழுந்தால் அவர்கள் வீட்டு ஓடு உடையாது.

வீட்டுக்கு வா. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். பேசுவேனா என்று நேரில் முடிவு செய்கிறேன்.

அம்மா

•

மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் எழுத்தை இங்கே டவுனில் ஒரு டீக்கடைக்காரரின் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். மலையாளி, நல்ல மனுஷன். அவர் போனைத் திரும்பக் கேட்டுவிடக் கூடாதே என்று டீயாகக் குடித்துக்கொண்டிருந்தேன். முகாமுக்குள் எங்கள் போனை விடுவதில்லை. கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கம்பெனி வேன் டவுனுக்கு வரும். அன்றைக்குத்தான் எனக்கு வாய்.

சொல்லியிருந்தால் நீ ரயிலுக்கு முன்னால் படுத்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. விடியாமல் ரயில் ஏறி, இருட்டி வீடு வந்து, இருபது வருஷம் பெங்களூருக்கும் தங்கவயலுக்கும் நடுவில் போனது. கடைசியில் நான் வேலை பார்த்த குளிர்ப்பதனக் கம்பெனியையும் மூடினான். இந்துவின் படிப்பு நடுவில் நிற்கிறது. வேறு என்ன செய்வேன்.

ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள். குளிர் அறையின் கூரை மேல் ஏறினால் ஒரே வளைகுடாவில் நாலு தேசத்துக் கொடி தெரியும். நாலு பேரும் இந்த ஊர்க்காரனிடம் இடம் பிடித்திருக்கிறார்கள். எங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு உப்பளம்தான். இவர்கள் இங்கே ஒரு விமானம் கூடுதலாக இறக்கினால், மறுநாள் அங்கே ஒரு கப்பல் கூடுதலாக நிற்கும். உப்பு அள்ளுகிற பெண்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

உனக்கு இந்த இடம் புதிதாக இருக்காது அம்மா. ஆபீசர் பக்கம் புல்தரை, கிளப், வெயிலிலும் ஜில்லென்ற அறை. எங்கள் பக்கம் வரிசையாகத் தகரப் பெட்டிகள். ரோனி வந்த அன்றே பார்த்துவிட்டு, “டேய் மஞ்சு, இது நம்ம லைனுடா. குழாயடி சண்டைதான் இல்ல” என்றான். ரோனி என்றால் ஐடா ஆண்ட்டி மகன்தான். சலவைப் பிரிவில் இருக்கிறான். கோபப்படாதே. இங்கே நம் ஊர்த் தமிழ் பேச அவன் ஒருத்தன்தான்.

புதன்கிழமை சைரன் பயிற்சி நடந்தது. சைரன் அடித்ததும் எல்லோரும் பதுங்கு குழிக்குள் இறங்க வேண்டும். படிக்கட்டு வைத்த கான்கிரீட் குழி. என் கால் ஓடியது, குழி வாசல் வரைக்கும். அங்கேயே நின்றுவிட்டேன். நம் ஊரில் சைரன் அடித்தால் வீட்டிலிருப்பவர்கள் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிப் போய், யார் மேலே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்போமே, அந்த மாதிரி. ரோனி உள்ளேயிருந்து, “இன்னாடா, வாட்ச்மேன் வேலை எப்ப குடுத்தாங்க” என்று கேட்டான். அம்மாவுக்குச் செய்த சத்தியம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயப்படாதே. இது வெறும் பயிற்சி.

மஞ்சுநாத்

•

ஸ்கெலட்டன் லைன்,
மார்ச் 15, ஞாயிறு

மஞ்சுநாத்துக்கு,

அந்த வீட்டுப் பேரை எனக்கு எழுதாதே. உன் அப்பாவும் அந்த ஆபிரகாமும் ஒரே ஜோடி. சுரங்கத்துக்குள் ஒரே இரும்புக் கூண்டில், ஒரே கேஜில் இறங்குவார்கள், ஒரே கல்லை உடைப்பார்கள். கீழே பாறை வெடித்த அன்று ஜோடியில் ஒருத்தன் மேலே வந்தான். ஒருத்தன் வரவில்லை. வந்தவன் பெண்டாட்டி ஐடா, ஷாஃப்ட் வாசலில் எனக்குப் பக்கத்தில் நின்றவள், “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றாள். என் காது கேட்க. அன்றிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. ஆபிரகாம் செத்தபோதும் போகவில்லை. நான் போகாததை அவள் கவனித்தாள் என்று ஷைலா சொன்னாள். கவனிக்கட்டும்.

நீ சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய் என்பது மட்டும்தான் உன் கடுதாசியில் நல்ல சேதி. உனக்குப் பத்தொன்பது வயசு அப்போது. அப்பன் வேலையை மகனுக்குக் கொடுக்கிறோம் என்று கம்பெனி ஆள் சாவு வீட்டுக்கே வந்தான். உன்னை உன் அப்பா தசரதனின் தலைமாட்டில் நிறுத்தி, என் கையில் உன் கையை அடிக்கச் சொன்னேன். பூமிக்கு அடியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாய். ஊரே என்னைப் பைத்தியம் என்றது. நிரந்தர வேலையை விடுகிறாளே என்றார்கள். அப்புறம் சுரங்கத்தையே மூடினான். பேசினவர்கள் யாரும் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

சிரிக்கிறவன் சிரிக்கட்டும். மண்ணுக்கு மேலே நிற்கிறவன் பிழைப்பான், கீழே போனவன்தான் சாவான். இதை எனக்கு எந்தப் பட்டாளமும் சொல்லித் தர வேண்டாம். அந்தக் குழிக்குள் போகாதே. எவன் தள்ளினாலும் போகாதே.

டிவியில் இன்றைக்கும் கப்பல் காட்டினான். சீக்கிரம் வா.

அம்மா

•

மார்ச் 20, வெள்ளி

அம்மா,

இன்றைக்கு வேன் கிடையாது. கேட்டை மூடிவிட்டார்கள். தண்ணீர் லாரி மட்டும் வந்து போகிறது. டிரைவர் இந்த ஊர் ஆள். இந்தக் காகிதத்தை அவரிடம் கொடுக்கிறேன், டீக்கடையில் சேர்த்துவிடுவார்.

டிவியில் பார்த்திருப்பாய். செவ்வாய்க்கிழமை காலையில் குண்டு வந்தது. இட்லி வேளை என்று சொல்வோமே, அந்த நேரம். சைரன் அடித்தது. எல்லோரும் இறங்கினார்கள். முந்தின நாள்தான் லாரி டிரைவர் உன் கடுதாசியைக் கொண்டுவந்திருந்தார், நீ எழுதியதும் மனதில் இருந்தது. வாசலில் நின்றேன். தலைக்கு மேலே கோடு கோடாகப் போனதைப் பார்த்தேன். சத்தம் பிறகுதான் வந்தது.

ரொட்டி சுடுகிற நேபாளி ஒருத்தன் உண்டு. அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியவன், என்னைப் பார்த்ததும் ஓட்டத்தைக் குறைத்தான். நான் சாவதானமாக வெளியே நிற்கிறேன் இல்லையா, அவசரம் இல்லை என்று நினைத்திருப்பான். எனக்குக் கையைக் காட்டினான். உப்பளப் பக்கம் விழுந்ததன் துண்டு ஒன்று சமையல் கொட்டகைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

கீழே போன ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. மேலே நின்ற இரண்டு பேரில் அவன் போய்விட்டான். எனக்குத் தோளில் தையல். இடது காது கேட்கவில்லை. மமதாவிடம் காது விஷயத்தைச் சொல்லாதே.

நேற்று ஆபீசர்களின் குடும்பங்களை எல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு நாய்கூடப் போனது, கூண்டில். எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டோம். “உங்க பாஸ்போர்ட் கம்பெனிகிட்ட கீது. கம்பெனி ஆபீஸ் டவுன்ல கீது. டவுனுக்குப் போக கேட்டு தெறக்கணும்” என்றான். அவனும் சேலத்துக்காரன்தான், எங்களோடு சேர்ந்து இதே பேச்சைப் பழகிவிட்டான். அவன் பாஸ்போர்ட்டும் அங்கேதான்.

மஞ்சுநாத்

•

ஸ்கெலட்டன் லைன்,
மார்ச் 22, ஞாயிறு

மஞ்சுநாத்,

சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன் அப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, அடித்த அதே கையைத் தண்ணீரில் கழுவிவிட்டேன். மமதாவும் இந்துவும் சாட்சி. நான் அன்றைக்கு வாங்கியது தப்பில்லை. இந்த ஊருக்கு அது சரி. நீ இருக்கும் இடத்துக்கு அது செல்லாது. சைரன் அடித்தால் கீழே போ. முதல் ஆளாகப் போ.

உன் கடுதாசியை ஷைலா படித்துக் காட்டும்போதே நான் போனைக் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். டீக்கடைக்காரர்தான் எடுத்தார். “எம் புள்ளைய கூப்புடுங்க சாமி, குழிக்குள்ள போவச் சொல்லுங்க” என்று கத்தினேன். அந்த மனுஷன் பாவம், “அம்மே, உள்ளேருந்து ஆரும் வருன்னில்லா” என்று ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி மறுபடியும் மறுபடியும் சொன்னேன். அவர் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மமதாவோடு பெங்களூர் போனேன். உன்னை அனுப்பிய ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரன் சொன்னான், “ஆபீஸ் காலி மாடி ஹோதரு அஜ்ஜி” என்று கன்னடத்தில். காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்களாம். அரசாங்க ஆபீசுக்குப் போனோம். எந்த தேசம் என்று கேட்டார்கள். சொன்னோம். எந்த முகாம் என்று கேட்டார்கள். பேரை நீ போகும்முன்பே மமதாவிடம் சொல்லியிருந்தாய். சொன்னோம். “அங்க நம்ம ஆளுங்க இருக்கறதா தகவல் இல்லீங்களே” என்றார் அந்தப் பையன். கெட்ட பையன் இல்லை. கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினான். என் மகன் அதில் இல்லை.

கீழே போ. நான் சொல்கிறேன். கீழே போ.

அம்மா

•

மார்ச் 25, புதன்

அம்மா,

டீக்கடைக்காரர் உன் எழுத்தைப் படம் எடுத்து அச்சடித்து, லாரி டிரைவர் அதைக் காலணிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வியர்வையில் பாதி கரைந்திருந்தது. ஆனால் ‘கீழே போ’ எல்லாம் தெரிந்தது.

நேற்றும் சைரன் அடித்தது. போகவில்லை. போக முடியவில்லை.

சத்தியம் இல்லை அம்மா அது. சத்தியம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அப்பாவை மேலே கொண்டுவந்தபோது உன்னைக் கிட்டே விடவில்லை. என்னைக் கூப்பிட்டு, இவர்தானா என்று கேட்டார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பெல்ட்டை வைத்துத்தான் சொன்னேன். ஈர மண்ணும் வெடிமருந்துப் புகையும் கலந்த ஒரு வாசனை. இந்தக் குழியின் மூன்றாம் படியில் அதே வாசனை வருகிறது. கான்கிரீட்டில் எப்படி வரும் என்று கேட்காதே. எனக்கு வருகிறது. அந்தப் படியில் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை, படிக்கட்டில் குழந்தை மாதிரி நிற்கிறேன்.

ரோனி திட்டினான். “நீ நின்னா உன்ன பார்த்து நாலு பேரு நிப்பானுங்க. அந்த நேபாளி செத்தது பத்தலையா” என்றான். அவன் சொன்னது உண்மை.

எதிர்த் தரப்பு இன்னும் கப்பல் கொண்டுவருகிறார்களாம். இவர்களும் கொண்டுவருகிறார்கள். ஒருவேளை எனக்கு ஏதாவது ஆனால் இந்துவின் படிப்பை நிறுத்தாதே. மமதாவைக் கடிந்து பேசாதே. அவள் என்னைத் தடுத்தாள், நான்தான் கேட்கவில்லை.

மஞ்சுநாத்

•

ஸ்கெலட்டன் லைன்,
மார்ச் 27, வெள்ளி

மஞ்சுநாத்,

சாகப் போகிறவன் மாதிரி எழுதுகிறாயா எனக்கு. இந்துவைப் பார்த்துக்கொள், மமதாவைத் திட்டாதே. இதைச் சொல்ல உனக்கு என்ன உரிமை. மமதாவை நான் எப்போது வேண்டுமானாலும் திட்டுவேன், நீ வந்து தடுத்துக்கொள்.

உன் கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு புடவை மாற்றிக்கொண்டு ஐடா வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைக்கவில்லை. “இன்னா, வழி தப்பிச்சா” என்றாள்.

“தப்பல. ஒங்க மகனால எனக்கு ஒரு வேலை கீது” என்றேன்.

“இத்தினி வருஷம் நாங்க செத்தமா கீறமான்னு பார்க்கல. இப்ப வேலைன்னா வாசல் தெரியுதா.”

“நீ அன்னிக்கு ஸ்தோத்திரம் சொன்னியே, எம் புருஷன் கீழே கெடக்கறப்ப.”

“எம் புருஷன் வந்தான், சொன்னேன். ஒம் புருஷன் வந்து எம் புருஷன் வராம இருந்தா நீ முனீஸ்வரன் பேரைச் சொல்லி இருக்க மாட்டியா.”

உன் கடுதாசியை நீட்டினேன். அவளுக்கும் என்னைப் போல நாலு எழுத்துதான் தெரியும், விரலை வைத்து வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் முறத்தை ஓரமாக வைத்தாள். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன்.

அப்புறம் அவள் சொன்னதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடுதாசி. உன் அப்பாவுக்குப் பயம். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாது. காலையில் சோறு வாங்கிக்கொண்டு சீட்டி அடித்தபடி போவார், நான் வீரன் என்று நினைத்தேன். கேஜ் கதவு சாத்தினதும் அவருக்குக் கால் நடுங்குமாம். கண்ணை மூடிக்கொண்டு ஆபிரகாமின் இடுப்புப் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாராம். கீழே போய்ச் சேரும்வரை விட மாட்டாராம். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை. கேஜில் இருந்த ஒருத்தனும் சிரித்ததில்லை, வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேஜில் ஒருத்தன் பயத்தை மேலே கொண்டுவந்து பேசக்கூடாது என்பது அவர்களுக்குள் கட்டு. ஆபிரகாம் சாகப் போகும்போதுதான் ஐடாவிடம் சொன்னாராம்: “அன்னிக்கு வெடிச்சப்ப பெல்ட்டுல இருந்த கை கழண்டுச்சி. நான் திரும்பித் தேடினேன். ஜெயம்மாகிட்ட சொல்லு” என்று. சொல்ல நான் எங்கே வந்தேன்.

ஆகவே நீ பயப்படுவதில் ஒன்றும் இல்லை. உன் அப்பன் புத்தி. பயம் போன பிறகு இறங்கலாம் என்று காத்திருக்காதே. அவருக்குப் போகவே இல்லை. அவர் தினம் இறங்கினார்.

ரோனியை முன்னால் விடு. அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள். மூன்றாம் படியில் கண்ணை மூடிக்கொள். அவன் இழுத்துக்கொண்டு போவான். இந்தக் காகிதத்தின் அடியில் ஐடா அவனுக்கு எழுதியிருக்கிறாள்.

*ரோனி, அப்பா முன்னாடி நிப்பாரு, தசரதன் மாமா பின்னாடி நிப்பாரு. நீ முன்னாடி நில்லு. மெதுவா எறங்கு. அம்மா.*

•

ஏப்ரல் 1, புதன்

அம்மா,

போனேன்.

நேற்று மத்தியானம் சைரன் அடித்தது. ரோனி துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு என் அறைக்கு ஓடி வந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிடித்தேன். பெல்ட் இல்லை அம்மா, அவன் லுங்கியில் இருந்தான். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான், அதற்கென்றே. இரண்டு நாளாகக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

மூன்றாம் படியில் வாசனை வந்தது. முழங்கால் மடங்கவில்லை. “மெதுவா, மெதுவா” என்றான். கயிறு இழுத்தது. கால் தானாக வைத்தது. உள்ளே போய்ச் சுவரோடு உட்கார்ந்தேன். மேலே விழுந்துகொண்டே இருந்தது. மண் உதிர்ந்தது. வாந்தி எடுத்தேன். ரோனியின் காலில்தான். திட்டவில்லை. பக்கத்தில் ஒரு ஒரிசாக்காரன் தன் துண்டைக் கொடுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

மேலே வந்து பார்த்தால் எங்கள் தகரப் பெட்டி வரிசை இல்லை. நான் வழக்கமாக நிற்கிற வாசல் சுவரும் இல்லை.

இனிக் குழியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். குளிர் அறை ஓட வேண்டும், அதற்கு மட்டும் மேலே போய் வருகிறேன். ஊருக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. லாரி டிரைவர் நாளையிலிருந்து வர முடியாது என்கிறார். ரோடு போய்விட்டது. இதை எப்படியாவது சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

மஞ்சுநாத்

•

ஸ்கெலட்டன் லைன்,
ஏப்ரல் 6, திங்கள்

மஞ்சுநாத்,

‘போனேன்’ என்று நீ எழுதியது வந்தது, அதற்கு அன்றே நான் எழுதியதை ஷைலா அனுப்பிவிட்டாள். டீக்கடைக்காரர் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறாள். சேரும்போது சேரட்டும். நான் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

நேற்று டிவியில் சொன்னான், உன் முகாமில் மறுபடியும் விழுந்ததாம். அவர்கள் ஆள் ஒருத்தருக்கும் சேதம் இல்லையாம். அதைச் சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். “அவங்க ஆளுன்னா நம்ம ஆளும் சேர்த்தா, சேர்க்காமலா” என்று மமதா கேட்டாள். யாரைக் கேட்பது. அரசாங்க ஆபீசுக்கு மறுபடியும் போனோம். அந்தப் பையன் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

உன் அப்பா போன பிறகு ஒன்று நினைத்தேன். இனி மண்ணுக்கு அடியில் இருக்கிற ஆம்பிளைக்காக நான் காத்துக்கிடக்க மாட்டேன் என்று. அதற்காகத்தான் உன் கையை அடிக்க வைத்தேன், வேறு எதற்காகவும் இல்லை. இப்போது நானே உன்னைக் கீழே அனுப்பினேன். பிழைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஷைலா கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஐடா பக்கத்து ஸ்டூலில். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவள் தன் ஆண்டவரைக் கூப்பிடுகிறாள். நான் கூப்பிடுகிற ஆளை நான் கூப்பிடுகிறேன். பேசிக்கொள்வது குறைவுதான். பழசு எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

கேஜ் இறங்கும்போது கம்பெனிக்காரன் வாசலில் நின்று எண்ணுவான். நாம் அவனை எத்தனை திட்டினாலும் அவனுக்குத் தெரியும், கீழே எத்தனை பேர் என்று. அத்தனை பேரும் ஏறாமல் அவனால் வீட்டுக்குப் போக முடியாது. உன் துரைக்கு உங்களை எண்ண ஆள் இல்லை. எதிர்த்துரைக்கும் இல்லை. நம் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரிலும் இல்லை.

நாங்கள் எண்ணி வைத்திருக்கிறோம். கீழே இரண்டு பேர். ஷைலா கடையைச் சாத்துகிறேன் என்கிறாள். அந்த இரண்டு பேரும் ஏறாமல் நாங்கள் எழுந்திருக்கப் போவதில்லை என்று ஐடா அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா